அழிக்க மறந்த அறைகள்: வீடியோ கேமுக்குள் ஒளிந்திருக்கும் டெவலப்பர் ரகசியங்கள்... இனிமேலும் கிடைக்குமா?

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி வைஸ் சிட்டி ஆடிய ஆளா நீங்க? அப்படின்னா 'பான்ஸர்'னு டைப் பண்ணாம வீட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க. அடிச்ச அடுத்த செகண்ட் நடுரோட்டில் ஒரு பீரங்கி வண்டி வந்து நிற்கும். போலீஸ் துரத்தினா அதுக்கு ஒரு கோடு, உயிர் குறைஞ்சா அதுக்கு ஒரு கோடு. பக்கத்து சீட் அண்ணன் எல்லாத்தையும் ஒரு நோட்டுப் பேப்பரில் எழுதி மடிச்சு வெச்சிருப்பார். அந்தப் பேப்பரை நம்பித்தான் மொத்த சென்டரும் ஆடும்.

சீட் கோடு என்கிற வழக்கம் முதலில் நமக்காக வந்தது இல்லை. கேமை உருவாக்கியவர்கள் தங்கள் வேலையைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. பத்தாவது லெவலில் ஒரு கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் ஒன்பது லெவலை ஆடி முடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கோடு மட்டும் இல்லை. ஓர் அறையையே, சில சமயம் ஒரு முழு லெவலையே இப்படிச் சோதனைக்காகக் கட்டுவார்கள். கேம் வெளியாகும் நாளில் அதை அழிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குக்குள், நீங்கள் பார்க்கவே கூடாத ஓர் அறை பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும். ஒருநாள் யாரோ ஒரு ரசிகர் அதன் பூட்டைத் திறப்பார்.

ஜாலியான விஷயம்தானே, இதில் என்ன பிரச்னை என்கிறீர்களா? இந்த அறைகள் மெல்ல மெல்லக் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. காரணத்தைத் தேடிப் போனால் கதை உங்கள் போனில் வந்து நிற்கிறது.

ஈஸ்டர் எக் வேற, டெஸ்ட் ரூம் வேற!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வைஸ் சிட்டியில் ஒரு கட்டடத்தின் ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே போனால், ஒரு பீடத்தின் மேல் சாக்லேட் முட்டை இருக்கும். யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். அது ஈஸ்டர் எக். யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று ஆசையாக ஒளித்து வைத்தது.

இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது, 1980-ல் அட்டாரி வெளியிட்ட அட்வென்ச்சர் கேமில் இருக்கும் ரகசிய அறை. அந்தக் காலத்தில் அட்டாரி தன் கேம்களில் புரோகிராமர் பெயரைப் போடாது. அட்வென்ச்சரை உருவாக்கிய வாரன் ராபினெட், யாருக்கும் சொல்லாமல் ஓர் அறையைக் கட்டி அதில் தன் பெயரை எழுதி வைத்தார். அவர் கம்பெனியை விட்டுப் போன பிறகு ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் போட்டான். அப்போதுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது. 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் கேம் உலகத்துக்குள் வந்ததும் அதையொட்டித்தான்.

டெஸ்ட் ரூம் இதற்கு நேர் எதிர். யாரும் பார்க்க வேண்டும் என்று அதைக் கட்டுவதில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் நிற்பதற்குச் சாரம் கட்டுகிறோம் இல்லையா, அது மாதிரி. வேலை முடிந்ததும் பிரிக்க வேண்டியது, பிரிக்காமல் நின்றுவிட்டது. அதனால்தான் இதில் பாவனை எதுவும் இருக்காது. வேலை நடந்த இடம் நடந்தபடியே கிடக்கும்.

புகை வருதா, பாரு!

ஒரு நல்ல உதாரணம், 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம். கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் கமாண்ட் அடிக்கும் பெட்டியைத் திறந்து, 'கியூஏஸ்மோக்' என்ற இடத்துக்குப் போகச் சொன்னால், பனிமலையும் டிராகனும் மறைந்து சாதாரண அறை ஒன்று வரும். வரிசையாகப் பெட்டிகள். ஒன்றில் வாள்கள், ஒன்றில் கவசங்கள், இன்னொன்றில் மந்திரப் புத்தகங்கள். நூறு மணி நேரம் மலை ஏறி இறங்கித் தேட வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரே அறையில், கடையில் அடுக்கியதுபோல இருக்கும். ஆயுதம் செய்யும் உலைகூட அங்கேயே உண்டு.

பெயரைக் கவனியுங்கள். 'கியூஏ' என்றால் தரச் சோதனை. 'ஸ்மோக்' என்றால் புகை. புதிதாகச் செய்த எலெக்ட்ரானிக் போர்டுக்கு முதன்முதலாக கரன்ட் கொடுக்கும்போது, புகை வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வரலைன்னா அடுத்த சோதனைக்குப் போகலாம். அந்தப் பேச்சு வழக்கு அப்படியே சாஃப்ட்வேருக்கும் வந்து 'ஸ்மோக் டெஸ்ட்' ஆனது. ஐ.டி-யில் வேலை பார்க்கும் உங்கள் நண்பரிடம் கேளுங்கள், இன்றைக்குக் காலையில்கூட ஒன்று ஓட்டியிருப்பார்.

ஆக, அந்த அறை ஒரு டெஸ்டரின் ஆபீஸ் மேஜை மாதிரி. கேமில் ஏதாவது ஒன்றை மாற்றும்போதெல்லாம் யாரோ ஒருவர் அங்கே போய், வாளை எடுத்து, கவசத்தை மாட்டி, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார். கேம் முடிந்ததும் ஓடும் நீளமான பெயர்ப் பட்டியலை ஸ்கிப் பண்ணிவிடுகிறோம். அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் வேலையைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இதுதான்.

பொதுவாக எல்லா கேம்களின் டெஸ்ட் ரூமும் கிட்டத்தட்ட ஒரே ஜாடைதான். சாம்பல் நிறச் சுவர், கட்டம் போட்ட தரை. ஹீரோ எவ்வளவு உயரம் குதிப்பார் என்று அளக்க, ஒன்றைவிட ஒன்று உயரமாகப் படிகள். எந்தச் சரிவில் ஏறுவார், எதில் வழுக்குவார் என்று பார்க்க விதவிதமான சரிவுகள். ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர். அழகு என்பதே மருந்துக்கும் இருக்காது. ஆனால் நீங்கள் ஆடிய லெவலில் அந்தப் பள்ளத்தை மயிரிழையில் தாண்டினீர்களே, அந்தப் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்தது இப்படி ஒரு சாம்பல் அறையாகத்தான் இருக்கும்.

சரி, ஏன் அழிக்கலை?

மறதி ஒரு காரணம். அதற்கு உலகப் புகழ்பெற்ற ஆதாரமே இருக்கிறது.

மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. டி.வி-யில் மாட்டும் கேசட்டில் கான்ட்ரா ஆடியவர்களுக்கு விரலே தானாக இதை அடிக்கும். 30 உயிர் கிடைக்கும் 'கொனாமி கோடு' இது. இது பிறந்தது கான்ட்ராவில் இல்லை. 1986-ல் கிரேடியஸ் என்ற விமானச் சண்டை கேமை வீட்டு கன்சோலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கேம் அவருக்கே கஷ்டமாக இருந்தது. முழுசாக ஆடிச் சோதிக்க முடியவில்லை. அதனால் எல்லா ஆயுதங்களும் மொத்தமாகக் கிடைக்கும்படி தனக்கென்று ஒரு கோடு வைத்துக்கொண்டார். அது அப்படியே வெளியே வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் அந்தப் பத்து பட்டனைத்தான் அஞ்சலியாகப் பகிர்ந்தார்கள்.

இரண்டாவது காரணம், பயம். பல லட்சம் வரி கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓர் அறையை எடுத்தால் வேறு எங்கே எது உடையும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரிலீஸுக்கு ஒரு வாரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் எந்தப் புரோகிராமரும் அதில் கை வைக்க மாட்டார். கதவை மூடிவிட்டு, அங்கே போகும் வழியை மட்டும் எடுத்துவிடுவார். சிம்பிள்.

இப்படி மூடிய கதவுக்குப் பின்னால் கிடைத்த பெரிய புதையல், 1997-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் கேமான கோல்டன்ஐ 007. பிரிட்டனின் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64 கன்சோலுக்காகச் செய்தது. 'சிட்டடல்' என்ற பெயரில் ஒரு சோதனை லெவலின் மிச்சம் அந்த கேசட்டுக்குள் இருந்தது. அதைவிட ஆச்சர்யம், 80-களில் பிரிட்டனின் வீடுகளில் இருந்த இஸட்.எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரையே போலச் செய்து காட்டும் ஒரு புரோகிராமும் உள்ளே இருந்தது. கூடவே 10 பழைய கேம்கள். இந்த கன்சோலில் அது ஓடுமா என்று பார்க்க டெவலப்பர்கள் விளையாட்டாகச் செய்த முயற்சி அது. செயலிழக்க வைத்தார்கள், ஆனால் அழிக்கவில்லை. அந்தப் பத்து கேம்களும் ரேரை ஆரம்பித்தவர்கள் அதற்கு முன்பு செய்தவை. ஒரு நிறுவனத்தின் இளமைக்காலமே ஒரு கேசட்டுக்குள் 15 வருடம் தூங்கியது. 2012-ல்தான் ரசிகர்கள் அதை எழுப்பினார்கள்.

தெருமுனை ஆர்கேட் மெஷின்களிலும் இதே கதை. 90-களின் மார்டல் காம்பாட் மெஷின்களில், இரண்டு பிளேயர்களின் பட்டன்களையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ஒரு டெஸ்ட் மெனு திறக்கும். அதன் தலைப்பில் இருப்பது கேமை உருவாக்கிய எட் பூனின் இனிஷியல். இது வெளியே தெரிய 2016 வரை ஆனது.

விளையாட்டு வினையான கதை

இப்படி விட்டுவைப்பது எப்போதும் இனிமையாக முடிந்ததில்லை. 2004 அக்டோபரில் ஜி.டி.ஏ சான் ஆண்ட்ரியாஸ் வெளியானது. ஹீரோவும் காதலியும் நெருக்கமாக இருக்கும் ஒரு மினி கேமை ராக்ஸ்டார் முதலில் செய்து, பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தது. வழக்கம்போல அழிக்கவில்லை. பூட்டியது. 2005-ல் கம்ப்யூட்டர் பதிப்பு வந்ததும், நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாடர் அந்தப் பூட்டைத் திறக்கும் சின்ன ஃபைல் ஒன்றை வெளியிட்டார். 'ஹாட் காபி' என்று பெயர்.

இது ஹேக்கர்களின் வேலை என்றது ராக்ஸ்டார். ஆனால் காட்சிகள் வெளியில் இருந்து சேர்க்கப்பட்டவை இல்லை, விற்ற டிஸ்க்கிலேயே இருந்தவை என்பது விசாரணையில் உறுதியானது. அப்போது செனட்டராக இருந்த ஹிலாரி கிளிண்டன் அரசு விசாரணை கேட்டார். 2005 ஜூலை 20-ல் அமெரிக்காவின் ரேட்டிங் அமைப்பு அந்த கேமை 'வயது வந்தோருக்கு மட்டும்' பிரிவுக்கு மாற்றியது. பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. ஆஸ்திரேலியாவில் விற்பனையே நின்றது. முதலீட்டாளர்கள் போட்ட வழக்கை முடிக்க, தாய் நிறுவனமான டேக்-டூ 2009-ல் 2 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதற்குப் பிறகு விதி மாறியது. பூட்டிவைத்ததாக இருந்தாலும், டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் ரேட்டிங் அமைப்பிடம் சொல்ல வேண்டும். 'வேண்டாததைப் பூட்டினால் போதும்' என்ற பழக்கத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி இது. நிறுவனங்களின் பக்கம் நியாயமும் இருக்கிறது. நீங்கள் காட்ட விரும்பாத ஒன்றுக்காக ஊரே உங்களைக் கேள்வி கேட்டால், அடுத்த முறை வீட்டைச் சுத்தமாகக் கூட்டித்தானே வைப்பீர்கள்?

தோண்டுகிறவர்கள் திருடர்களா?

இந்த அறைகளைத் தேடுவதையே வேலையாகச் செய்யும் ரசிகர் கூட்டம் ஒன்று இருக்கிறது. டேட்டா மைனர்கள் என்பார்கள். 'தி கட்டிங் ரூம் ஃப்ளோர்' என்ற தளத்தில், கேம்களுக்குள் பயன்படாமல் கிடக்கும் லெவல், படம், இசை, டெஸ்ட் மெனு என்று ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத ஆவணக் காப்பாளர்கள் என்றே சொல்லலாம்.

இவர்களால் யாருக்கு என்ன லாபம்? உங்கள் போனிலேயே ஆடக்கூடிய ஒரு கேமைச் சொல்கிறேன். 1992-ல் வந்த சோனிக் 2-வில் 'ஹிடன் பேலஸ்' என்று ஒரு லெவலைச் செய்து, நேரம் இல்லாமல் கடைசியில் நீக்கினார்கள். கேம் வெளியாகும் முன்பே பத்திரிகைகளில் அதன் படம் வந்திருந்தது. கேசட்டுக்குள் அதன் இசை மட்டும் மிச்சம் இருந்தது. 90-களின் கடைசியில், வேலை பாதியில் இருந்த சோனிக் 2-வின் பதிப்பு ஒன்று ரசிகர்கள் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து அவர்கள் அந்த லெவலை விடவே இல்லை.

சோனிக் ரசிகராக இருந்து டெவலப்பர் ஆனவர் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் வைட்ஹெட். அவரும் சைமன் தாம்லியும் சேர்ந்து 2013 டிசம்பரில் சோனிக் 2-வை ஸ்மார்ட்போனுக்குக் கொண்டுவந்தார்கள். அதிகாரபூர்வமாக, சேகா நிறுவனத்துக்காகவே. அதில் ஹிடன் பேலஸை முழுசாக முடித்துச் சேர்த்தார்கள். அதற்கு வழி எங்கே தெரியுமா? 'மிஸ்டிக் கேவ்' லெவலில், விழுந்தால் சாவு நிச்சயம் என்று 20 வருடமாக எல்லோரும் பயந்த முள் குழி ஒன்று உண்டு. அதற்குள் விழ வேண்டும். பழைய ரசிகர்களுக்கு அந்த இடத்தில் புல்லரித்திருக்கும். அதே இருவரும் 2017-ல் வந்த சோனிக் மேனியாவின் குழுவிலும் இருந்தார்கள்.

ஆனால் எல்லாத் தோண்டலையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2022 செப்டம்பரில் ஜி.டி.ஏ 6-ன் உருவாக்க நிலை வீடியோக்கள் 90 வரை கசிந்தன. ராக்ஸ்டாரின் நெட்வொர்க்குக்குள் புகுந்து திருடியவை அவை. திரை முழுக்கச் சோதனை எழுத்துகள், முடிக்காத கட்டடங்கள். 'இவ்ளோ வருஷமா இதைத்தான் பண்ணீங்களா?' என்று கலாய்த்தது ஒரு கூட்டம். உடனே வேறு நிறுவனங்களின் டெவலப்பர்கள் களத்தில் இறங்கினார்கள். விருது வாங்கிய தங்கள் கேம்கள் ஆரம்பத்தில் எவ்வளவு மோசமாக இருந்தன என்று பழைய வீடியோக்களைத் தாங்களே வெளியிட்டார்கள். அன்சார்ட்டட் 4, கன்ட்ரோல் எல்லாம் ஒரு காலத்தில் வெறும் பெட்டி பெட்டியாக இருந்ததை அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள்.

நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. இன்னும் விற்பனைக்கே வராததை அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருந்து எடுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், நஷ்டம் முதல் வகை ஆட்களுக்குத்தான்.

இப்போ கேம் யார் கையில் இருக்கு?

இதுவரை பார்த்த உதாரணங்களில் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. கவனித்தீர்களா? கசிந்த ஜி.டி.ஏ 6 வீடியோக்களை விட்டுவிட்டால், எல்லாவற்றிலும் கேம் முழுசாக ஒரு கேசட்டிலோ, டிஸ்க்கிலோ, மெஷினிலோ யாரோ ஒருவர் கையில் இருந்தது. கம்பெனி மறந்தாலும், மூடிவிட்டுப் போனாலும், பிரதி நம் வீட்டுப் பரணில் கிடந்தது. 15 வருடம் கழித்தும் திறந்து பார்க்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

இன்றைக்கு நிலைமை அப்படியா? உங்கள் போனில் இருப்பது பல நேரம் கேமின் முகம் மட்டும்தான். மூளை, எங்கோ இருக்கும் சர்வரில். மேப், துப்பாக்கியின் வலிமை, யார் ஜெயித்தார் என்ற கணக்கு எல்லாம் அங்கிருந்து வருகிறது. டெவலப்பர்களின் சோதனைக் கருவியில் பெரும் பங்கும் அங்கேயே இருந்துவிடும். சர்வரை அணைத்தால் கதை முடிந்தது.

இதை நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணியவர்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சர்வர் நின்றது. ஐகான் போனிலேயே இருந்தது. ஃபைல்கள் இருந்தன. கேம் இல்லை. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி விவாதம். நம் போனில் இருப்பது நம் கையில் இல்லை என்பது மட்டும் அன்றைக்கு ஊருக்கே புரிந்தது.

கம்பெனியே அணைக்கும்போது இன்னும் வலிக்கும். யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட கார் ரேஸ் கேம் தி க்ரூ. தனியாக ஆடக்கூடிய கதையும் அதில் இருந்தது. ஆனாலும் சர்வர் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்காக வாங்கி ஷெல்ஃபில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். சோனியின் கான்கார்ட் கேமுக்கு ஆயுள் இன்னும் குறைவு. 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது, செப்டம்பர் 6-ல் போனது. இரண்டே வாரம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் வருடக்கணக்கில் ஒரு குழு உழைத்த உலகம் அது. அதன் டெஸ்ட் ரூமை விடுங்கள், ஹாலுக்குள்கூட யாரும் போக முடியாது.

கையெழுத்துப் போட்ட 10 லட்சம் பேர்

தி க்ரூ மூடப்பட்ட கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். 2024 ஏப்ரலில் யூடியூபர் ராஸ் ஸ்காட் ஆரம்பித்தார். 'சர்வரைக் காலம் முழுக்க ஓட்டுங்க'ன்னு அவங்க கேட்கலை. 'நிறுத்துறப்ப, வாங்கினவங்க ஏதாவது ஒரு வழியில தொடர்ந்து ஆடுற நிலையில விட்டுட்டுப் போங்க' என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவர்கள் தொடங்கிய மக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அந்த அளவுக்கு ஆதரவு உறுதியானால் ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அங்குள்ள விதி.

கேம் நிறுவனங்களின் ஐரோப்பியச் சங்கம் இதை எதிர்க்கிறது. ரசிகர்களே சர்வர் நடத்தினால் பயனர்களின் தகவலுக்கு யார் பாதுகாப்பு, அங்கே சட்டவிரோதமாக ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். முழுக்க ஆன்லைனுக்காகவே வடிவமைத்த கேமை ஆஃப்லைனுக்கு மாற்றுவது பெரிய செலவு என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சின்ன ஸ்டூடியோக்களுக்கு அது உண்மையான சுமை. ஆனால் முடியவே முடியாது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சர்ச்சை பெரிதானதும், தி க்ரூ வரிசையின் அடுத்தடுத்த கேம்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் யூபிசாஃப்டே அறிவித்தது. மூடப்பட்ட முதல் பாகத்தையும் ரசிகர்கள் 2025-ல் தங்கள் சொந்த முயற்சியில் மறுபடி ஓட வைத்தார்கள்.

பாதுகாக்க முன்வருகிறவர்களுக்கும் சட்டம் பெரிதாக உதவுவதில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்'. நூலகங்கள் தாங்கள் பாதுகாத்துவரும் பழைய கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதிக்கலாம் என்று அங்கே ஒரு கோரிக்கை வைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் மட்டும் ஒரு நேர்மையான காரியம் செய்தது. டிஜிட்டல் கேமை விற்கும் கடைகள், 'நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பட்டனை வைக்கக் கூடாது என்று 2025 முதல் சட்டம். கேமைக் காப்பாற்றாது. அட்லீஸ்ட் ஏமாறாமல் இருக்கலாம்.

நமக்கு எதுக்கு பாஸ் இதெல்லாம்?

சினிமாவின் பழைய நெகட்டிவ்கள் பல அழிந்துபோன கதை நமக்குத் தெரியும். அப்போது யாருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை. கேம் விஷயத்தில் ஒரு விநோதம். பாதுகாக்க யாரும் திட்டம் போடவில்லை. மறதியும் பயமும் சேர்ந்து தற்செயலாகப் பாதுகாத்தன. ஹஷிமோட்டோவின் கோடு, ரேர் குழுவின் பத்து கேம்கள், ஸ்கைரிம் டெஸ்டரின் பெட்டிகள் எல்லாம் அப்படி மிஞ்சியவை. சர்வர் காலத்தில் அந்தத் தற்செயலுக்கு இடமே இல்லை. இனி யாராவது நினைத்துச் செய்தால்தான் எதுவும் மிஞ்சும்.

கேம் டிசைன் படிக்க ஆசைப்படும் தம்பி, தங்கச்சிகளுக்கு இது நேரடி நஷ்டமும்கூட. முடிந்த கேமைப் பார்த்தால் மலைப்புதான் வரும், 'நம்மால முடியுமா'ன்னு தோணும். ஒரு டெஸ்ட் ரூமைப் பாருங்கள். பெரிய பெரிய ஜாம்பவான்களும் ஒரு சாம்பல் அறை, நாலு பெட்டி, ஒரு சரிவோடுதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் நாள் நீங்கள் கட்டப்போவதும் அதே அறைதான். அன்ரியல், யூனிட்டி, கோடோ என்று இலவசமாக ஆரம்பிக்கக்கூடிய மென்பொருள்களில் இன்றைக்கே கட்டிப் பார்க்கலாம்.

மத்தவங்க என்ன செய்யலாம்? அடுத்த முறை ஒரு கேமில் ஸ்கின்னுக்கோ பாஸுக்கோ 500 ரூபாய் போடும் முன், போனை ஃப்ளைட் மோடில் போட்டு அந்த கேமை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே போக முடிகிறதா? முடியலைன்னா, நீங்கள் கொடுப்பது வாடகை. வாடகை கொடுப்பது தப்பில்லை, வாடகை என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆஃப்லைனிலும் ஓடும் கேமுக்குக் காசு கொடுத்தால், அந்த மாதிரி கேம் இன்னும் நாலு வரும்.

அந்த பிரவுசிங் சென்டர் இன்றைக்கு மொபைல் ரீசார்ஜ் கடையாக மாறியிருக்கலாம். நோட்டுப் பேப்பர் அண்ணன் எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் வைஸ் சிட்டி சிடி ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு 'பான்ஸர்'னு அடிச்சா பீரங்கி வண்டி இன்னைக்கும் வரும். நீங்கள் இப்போது ராத்திரி பகலாக ஆடும் கேமை, இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைக்குக் காட்ட ஆசைப்பட்டால், எதைத் திறந்து காட்டுவீர்கள்?